பிசியோதெரபி உதவியாளர் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் பிசியோதெரபிஸ்ட். மாவட்டத் தலைநகர் ஒன்றில் நடுத்தரமான ஒரு மருத்துவமனையின் பிசியோதெரபிப் பிரிவைக் கவனித்துக்கொள்கிறேன். உதவியாளர் வேலை கேட்டு வருகிறவர்கள், புதிதாகச் சேர்ந்தவர்கள், சில சமயம் நோயாளிகளின் வீட்டார் என்று எல்லோரும் ஏறக்குறைய ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்ட விதத்திலேயே கேள்விகளை எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதில்களைக் கீழே கொடுத்திருக்கிறேன்.

இது நர்ஸ் வேலையா, வார்டு பாய் வேலையா?

இரண்டும் இல்லை. காலையில் வந்ததும் ஒத்தடப் பைகள் ஊறும் தொட்டியில் தண்ணீர் மட்டத்தையும், ஒத்தடத்துக்கான மெழுகு சரியாக உருகியிருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கட்டில் விரிப்புகளை மாற்ற வேண்டும். பிறகு நோயாளிகளை வார்டிலிருந்து அழைத்து வருவது, கட்டிலில் ஏற்றுவது, தெரபிஸ்ட் குறித்துக் கொடுத்த பயிற்சியை அவர்கள் செய்யும்போது பக்கத்தில் நின்று எண்ணுவது, வாக்கர் பிடித்து நடப்பவருடன் கூடவே நடப்பது. ஒருவர் எழுந்துபோனதும் கட்டிலையும் கருவியையும் துடைத்து அடுத்தவருக்குத் தயார் செய்ய வேண்டும். துடைக்கும் வேலை நாளில் பெரும்பகுதியைத் தின்றுவிடும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவர்கள் அன்றே திரும்பிப் போவது இரு தரப்புக்கும் நல்லது.

எந்தப் பயிற்சி, எத்தனை முறை, எவ்வளவு எடை என்று தீர்மானிப்பவர் தெரபிஸ்ட். தீர்மானித்தபடி, நோயாளி விழாமல், சுட்டுக்கொள்ளாமல், பயப்படாமல் அது நடந்து முடிவதைப் பார்த்துக்கொள்பவர் உதவியாளர். சிக்கலான கேள்விகளில் பெரும்பாலானவை இந்த எல்லையைப் பற்றியவைதான்.

என்ன படித்திருக்க வேண்டும்? ஓராண்டு டிப்ளமோ முடித்தால் நானே கிளினிக் வைக்கலாம் என்று ஓர் இடத்தில் சொன்னார்களே?

உதவியாளராகச் சேர எங்கள் பிரிவில் பள்ளிப் படிப்பு போதும். தமிழில் தெளிவாக எழுதவும், தெரபிஸ்ட் ஆங்கிலத்தில் எழுதிய சிகிச்சைச் சீட்டை வாசிக்கவும் தெரிந்தால் மீதியை வேலையிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். சில மருத்துவமனைகள் நோயாளிப் பராமரிப்புச் சான்றிதழ் கேட்கின்றன.

கிளினிக் வைக்கலாம் என்று சொன்னவர்கள் உங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள். பிசியோதெரபிஸ்ட் ஆக பி.பி.டி. என்ற இளநிலை பிசியோதெரபிப் பட்டம் வேண்டும். மருத்துவமனைப் பயிற்சியையும் சேர்த்து நாலரை ஆண்டுகளாக இருந்த அந்தப் படிப்பை, 2025-இல் வெளியான தேசியப் பாடத்திட்டம் ஐந்து ஆண்டுகளாக்கியிருக்கிறது. பிசியோதெரபி உள்ளிட்ட பல துறைகளை ஒழுங்குபடுத்தவே 2021-இல் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேறியது. அப்படியிருக்க, சுவரில் தொங்கும் டிப்ளமோ உங்களைக் காப்பாற்றாது. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்கள் பின்னாளில் பி.பி.டி. சேர முயலலாம். இங்கே வேலை பார்த்த பிறகு படிக்கப் போகிறவர்களுக்கு, பாடத்தில் வருவது ஏற்கெனவே கையில் இருக்கும்.

அமெரிக்காவில் இருக்கும் என் அத்தை மகளும் இதே வேலைதான் செய்கிறாள். அங்கே இதற்கு லைசென்ஸ் உண்டாமே?

அங்கே மூன்று படிகள் உண்டு. மேலே பிசியோதெரபிஸ்ட், இப்போது முனைவர் நிலைப் பட்டம் பெற்றுத்தான் அந்தத் தொழிலுக்குள் வர முடியும். நடுவில் ‘அசிஸ்டன்ட்’, இரண்டாண்டுக் கல்லூரிப் படிப்பு, தேர்வு, உரிமம் எல்லாம் உண்டு. கடைசியில் ‘எய்டு’, பள்ளிப் படிப்பும் வேலையிடப் பயிற்சியும்தான். நம் ஊர் உதவியாளர் இந்தக் கடைசிப் படிக்குச் சமமானவர். உங்கள் அத்தை மகளுக்கு உரிமம் இருந்தால் அவர் அசிஸ்டன்ட்.

அங்கே முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர், எய்டு தனியாகச் செய்யும் எதையும் சிகிச்சையாக ஏற்றுப் பணம் தருவதில்லை. நம் ஊரில் அந்த எல்லையைப் பணம் காவல் காப்பதில்லை. நாமேதான் காக்க வேண்டியிருக்கிறது. இங்கே பி.பி.டி. முடித்துவிட்டு அங்கே போய், உரிமத் தேர்வு எழுதும்வரை எய்டு வேலை பார்க்கும் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். கைக்கு எல்லாம் தெரிந்திருந்தும் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டிய காலம் அது.

சம்பளம் எவ்வளவு கிடைக்கும்?

ஊருக்கு ஊர், இடத்துக்கு இடம் மாறும். பெரிதாக எதிர்பார்த்து வராதீர்கள். தொகையைக் கேட்கும்போதே இ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) உண்டா என்றும் கேளுங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். ஆளைத் தூக்கி நிறுத்தும் வேலையில் இருப்பவருக்கு அது வெறும் காகிதம் அன்று.

முதலில் எந்த இயந்திரத்தைக் கற்றுத் தருவீர்கள்?

எதையும் இல்லை. முதலில் ஓர் ஆளைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றக் கற்றுத் தருவோம். சக்கர நாற்காலியை நோயாளியின் பலமான பக்கத்தில் ஒட்டிப் போட வேண்டும். இரண்டு பிரேக்கையும் பூட்ட வேண்டும். கால் வைக்கும் தட்டை மடக்க வேண்டும். பல விபத்துகள் அந்தத் தட்டில் தடுக்கித்தான் நடக்கின்றன. படுத்திருந்தவரை எழுப்பியதும் நிற்க வைக்கக் கூடாது. கட்டில் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்காரவைத்து, தலை சுற்றுகிறதா என்று கேட்டு, முகத்தைப் பார்த்து, அதன் பிறகுதான் எழுப்ப வேண்டும். பல நாள் படுத்தவருக்கு எழுந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். உங்கள் கழுத்தைக் கட்டிப் பிடிக்க விடாதீர்கள். அவர் இடுப்பில் கட்டிய பெல்ட்டைப் பிடியுங்கள். “ஒன்று, இரண்டு, மூன்று” என்று சொல்லிவிட்டு எழுப்புங்கள்; சொல்லாமல் தூக்கினால் அவர் உடம்பு எதிர்த் திசையில் இழுக்கும்.

பக்கவாதம் வந்தவரின் செயலிழந்த கையைப் பிடித்து இழுத்து எழுப்பவே கூடாது. சுற்றியுள்ள தசை தளர்ந்துபோன தோள் மூட்டு நழுவியிருக்கலாம். ஓர் இழுப்பு பல மாத வலியைக் கொண்டுவந்துவிடும். பாசத்தோடு ஓடிவந்து அந்தக் கையைப் பற்றுகிறவர்கள் பெரும்பாலும் வீட்டார்தான். அவர்களைத் தடுப்பதும் உங்கள் வேலை.

நடக்க வைக்கும்போது பலவீனமான பக்கத்தில், அரை அடி பின்னால் நில்லுங்கள். கைத்தடி நல்ல காலின் பக்கத்துக் கையில் இருக்க வேண்டும். ஏறக்குறைய எல்லோரும் வலிக்கிற காலின் பக்கமே பிடிக்கிறார்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது நோவுள்ள கால் முதலில். வாக்கரின் கைப்பிடி, கையைத் தொங்கவிட்டால் மணிக்கட்டு ரேகை வரும் உயரத்தில் இருக்க வேண்டும். வார்டில் ஒருவர் விட்டுப்போன வாக்கரை அடுத்தவர் அப்படியே தள்ளிக்கொண்டு வருவார். ஆளைப் பார்க்கும் முன் அந்த உயரத்தைப் பாருங்கள். புடவைக் கொசுவம் தரையில் புரள்கிறதா, வேட்டி அவிழ்கிறதா, காலில் ஈர ரப்பர் செருப்பா என்பதையும் பாருங்கள்.

நடக்கும்போது விழப்போனால் எப்படித் தாங்கிப் பிடிப்பது?

தாங்கிப் பிடிக்க முயலாதீர்கள். எழுபது கிலோ ஆளை அந்தரத்தில் நிறுத்த உங்களால் முடியாது, இருவரும் விழுவீர்கள். பெல்ட்டை விடாமல், ஒரு காலை முன்வைத்து, அவரை உங்கள் உடம்போடு சேர்த்து, தொடை வழியாக மெல்லத் தரையில் இறக்குங்கள். தலை இடிக்காமல் பார்த்துக்கொண்டால் போதும்.

இறக்கிய பிறகு உடனே தூக்காதீர்கள். “ஐயோ, எழுப்புங்கள்” என்று சுற்றியிருப்பவர்கள் கத்துவார்கள். தெரபிஸ்ட்டோ மருத்துவரோ வந்து எலும்பு முறிவு இல்லை என்று பார்க்கும்வரை அவர் தரையிலேயே இருக்கட்டும்.

ஒத்தடம் வைப்பதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? எங்கள் பாட்டியே வைப்பாரே?

பாட்டி துணியைத் தன் கையில் பிடித்துப் பார்த்துவிட்டு வைப்பார். நம் ஒத்தடப் பை 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடான தொட்டியிலிருந்து வருகிறது. ஆறு முதல் எட்டு மடிப்புத் துண்டு இல்லாமல் தோலில் படக் கூடாது. பதினைந்து, இருபது நிமிடம் என்று சீட்டில் இருக்கும். ஆனால் ஐந்தாவது நிமிடம் நீங்கள் துண்டை விலக்கித் தோலைப் பார்த்தே ஆக வேண்டும். சீரான இளஞ்சிவப்பு சரி. திட்டுத் திட்டாகச் சிவந்திருந்தாலோ கொப்புளம் தெரிந்தாலோ எடுத்துவிட்டுத் தெரபிஸ்ட்டைக் கூப்பிடுங்கள். பையின் மேல் யாரையும் படுக்க வைக்காதீர்கள். உடல் எடை துண்டு மடிப்புகளை அமுக்கிச் சூட்டைக் கூட்டிவிடும்.

“சூடு அதிகமா?” என்ற கேள்வியை மட்டும் நம்பாதீர்கள். நம் ஆட்களுக்குச் சுள்ளென்று இருந்தால்தான் வலி போகும் என்ற நம்பிக்கை. பல்லைக் கடித்துக்கொண்டு “பரவாயில்லை தம்பி” என்பார்கள். பல ஆண்டு சர்க்கரை நோய் உள்ளவருக்கோ பாதம் வேகும்போதும் தெரியாமல் போகலாம். சூடும் குளிர்ச்சியும் உணர்கிறாரா என்று தெரபிஸ்ட் சோதித்திருக்கிறாரா என்பதைச் சீட்டில் பாருங்கள். சோதிக்கவில்லை என்றால் பை தொட்டியிலேயே இருக்கட்டும்.

மெழுகு ஒத்தடம் இதைவிடக் குறைந்த சூடு. சுமார் 52 முதல் 54 டிகிரி. கை நன்றாக உலர்ந்திருக்க வேண்டும். ஈரத்துளி இருந்த இடம் சுடும். மோதிரம், புண், வெட்டுக்காயம் பாருங்கள்.

கரண்ட் வைக்கும் இயந்திரத்தை நானே போடலாமா?

பஞ்சை நனைத்து, பட்டையைக் கட்டி, எல்லாவற்றையும் தயாராக வைக்கலாம். எங்கே வைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பது தெரபிஸ்ட்டின் வேலை. ஓடிக்கொண்டிருக்கும்போது நோயாளி கூட்டச் சொன்னால் கூட்டாதீர்கள். குறைக்கச் சொன்னால் அணைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

தொடங்கும் முன் நெஞ்சில் பேஸ்மேக்கர் (இதயத் துடிப்பைச் சீராக்கும் கருவி) இருக்கிறதா, கர்ப்பமா, உடம்புக்குள் தகடோ திருகோ இருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். நேற்றுக் கேட்டேன் என்று விடாதீர்கள். வேறு ஆள் அதே கட்டிலில் படுத்திருப்பார். ஷார்ட்வேவ் டயதர்மி என்ற ஆழச்சூட்டு இயந்திரத்துக்கு அருகில் உலோகம் இருந்தால் அந்த இடத்தில் சூடு குவியும். மெட்டி, வெள்ளி அரைஞாண், தாயத்து, ரவிக்கை ஊக்கு, காது கேட்கும் கருவி எல்லாம் கணக்கில் வரும். தாலிக்கொடியைக் கழற்ற மாட்டேன் என்று சொல்லும் அம்மாக்களிடம் வாதாட வேண்டாம். தெரபிஸ்ட்டிடம் சொன்னால் அவர் வேறு சிகிச்சைக்கு மாற்றிக்கொள்வார். இதில் யாரும் தோற்கவில்லை.

எண்ணெய் போட்டு நன்றாக நீவிவிடச் சொல்கிறார்கள். செய்தால் என்ன?

பிசியோதெரபி என்றாலே நீவிவிடுவது என்று நினைப்பவர்கள் இன்னும் நிறைய. தலையணைக்கடியில் எண்ணெய்ப் புட்டியோடு வருவார்கள். சீட்டில் இல்லாததைச் செய்ய வேண்டாம் என்பது பொதுவான பதில். கெண்டைக்கால் விஷயத்தில் காரணமும் தெரிந்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்குப் பிறகோ நெடுநாள் படுக்கைக்குப் பிறகோ ஒரு காலின் கெண்டைப் பகுதி மட்டும் வீங்கி, சூடாகி, வலித்தால், உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். நீவினால் அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலை அடைக்கலாம். ஆள் பிழைப்பதே சந்தேகமாகிவிடும். அப்படிக் கண்டால் நீவவும் வேண்டாம், நடக்கவைக்கவும் வேண்டாம், உடனே சொல்லுங்கள்.

பயிற்சி செய்யும்போது வலிக்கிறது என்று அழுகிறார். நிறுத்தவா, தொடரவா?

முழங்கால் மூட்டு மாற்றியவருக்கு மடக்கும்போது இழுத்துப் பிடிக்கும் வலி வரும், விட்டதும் குறையும். அது எதிர்பார்த்ததுதான். தெரபிஸ்ட் முன்கூட்டியே உங்களிடமும் அவரிடமும் சொல்லியிருப்பார். திடீரென்று குத்தும் வலி, நெஞ்சு வலி, மூச்சிரைப்பு, குளிர்ந்த வியர்வை, கண் இருட்டுவது ஆகியவை வேறு. உட்கார வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். தண்ணீர் கொண்டுவருகிறேன் என்று தனியே விட்டுப் போகாதீர்கள்.

எந்த வகை என்று புரியாவிட்டால் நிறுத்துங்கள். நிறுத்தும் அதிகாரம் உங்களுக்கு எப்போதும் உண்டு. கூட்டும் அதிகாரம் இல்லை. தேவையில்லாமல் நிறுத்தியதற்காக எங்கள் பிரிவில் யாரையும் கடிந்துகொண்டதில்லை.

“எப்போது நடப்பார்?” என்று வீட்டார் என்னைத்தான் கேட்கிறார்கள். என்ன சொல்வது?

உங்களைக் கேட்பது இயல்பு. நாளில் அதிக நேரம் அவரோடு இருப்பவர் நீங்கள். தெரபிஸ்ட்டிடம் கேட்க அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும். “சீக்கிரமே நடந்துவிடுவார்” என்று ஆறுதலுக்குச் சொல்வதும் ஒரு தீர்ப்புத்தான். பத்து நாள் கழித்து அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: “இன்று பிடிமானம் இல்லாமல் இரண்டு நிமிடம் உட்கார்ந்தார். மற்றதை சாரிடம் கேட்டுச் சொல்கிறேன்.” பிறகு உண்மையிலேயே கேட்டுச் சொல்லுங்கள்.

எல்லாவற்றையும் நீங்கள்தானே செய்கிறீர்கள், வீட்டில் நாங்கள் எதற்காகக் கற்றுக்கொள்ள வேண்டும்? (நோயாளியின் மகன்)

நாங்கள் ஒரு நாளில் முக்கால் மணி நேரம் பார்க்கிறோம். மீதி முழுவதும் உங்கள் வீட்டில்தான். வேலூர் சி.எம்.சி.யின் மறுவாழ்வு மையம் 1966-இல் தொடங்கியது. அதன் பின்னால் இருந்த டாக்டர் மேரி வர்கீஸ், கார் விபத்தில் கால்கள் செயலிழந்தபின் சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தவர். அங்கே நோயாளியோடு வீட்டாரும் தங்கிப் பராமரிப்பைப் பழகுகிறார்கள்.

ஆகவே உதவியாளர்களுக்கும் சொல்கிறேன்: மேலே சொன்ன நாற்காலி மாற்றும் முறையை, தெரபிஸ்ட்டின் அனுமதியோடு, வீட்டாரைக்கொண்டு உங்கள் கண் முன்னால் செய்ய வையுங்கள். அவர்கள் தடுமாறுவதைப் பார்த்துப் பொறுமையிழந்து நீங்களே செய்துவிடாதீர்கள்.

நான் ஆண். பெண் நோயாளிக்கு உதவலாமா?

அவர் சம்மதித்தால், பெண் ஊழியரோ வீட்டுப் பெண்ணோ உடனிருந்தால், செய்யலாம். எங்கே தொடப்போகிறீர்கள், ஏன் என்று தொடும் முன்பே சொல்லுங்கள். சிகிச்சைக்குத் தேவையான இடத்தை மட்டும் விலக்கி, மீதியைப் போர்வையால் மூடுங்கள். திரை இழுத்திருக்க வேண்டும். வயதான ஆண்களுக்கும் இதே கூச்சம் உண்டு. அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நோட்டில் என்ன எழுத வேண்டும்?

பார்த்ததை எழுதுங்கள், நினைத்ததை எழுதாதீர்கள். “ஒத்துழைக்கவில்லை, சோம்பல்” என்ற வரியால் எனக்கு எந்தப் பயனும் இல்லை. “நேற்று மூன்று சுற்று நடந்தவர் இன்று முதல் சுற்றிலேயே உட்கார்ந்துவிட்டார், இடது பாதம் வீங்கியிருக்கிறது” என்றால் நான் எழுந்து போய்ப் பார்ப்பேன். நல்ல உதவியாளரின் இத்தகைய ஒரு வரிக்காக எந்த இயந்திரத்தையும் விட்டுக்கொடுக்கலாம்.

கூட்டம் அதிகமான நாளில் தெரபிஸ்ட்டே “நீயே பார்த்துக்கொள்” என்கிறார். மறுக்க முடியுமா?

இதுதான் கடினமான கேள்வி. என் தொழிலில் இருப்பவர்கள்தான் இதற்குக் காரணம் என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். ஏற்கெனவே தீர்மானித்துப் பழகிய ஒன்றை மறுபடி செய்யவைப்பது என்றால் செய்யலாம். நேற்றுச் செய்த அதே பயிற்சி, அதே எடை, அதே எண்ணிக்கை, நோயாளியும் நேற்றுப் போலவே இருக்கிறார் என்றால் சரி. புதிய நோயாளி, புதிய பயிற்சி, எடை கூட்டுவது, அறுவை முடிந்து முதல் முறை எழுப்புவது என்றால் கூடாது.

நேரடியாக “மாட்டேன்” என்று சொல்லத் தயக்கமாக இருந்தால், “எத்தனை கிலோ, எத்தனை முறை என்று சீட்டில் எழுதிக் கொடுங்கள் மேடம்” என்று கேளுங்கள். எழுத உட்கார்ந்தால் யோசித்தாக வேண்டும். அதன் பிறகும் தினமும் இப்படியே போகிறது என்றால் வேறு இடம் தேடுங்கள். ஏதாவது நேர்ந்தால் முதலில் பெயர் அடிபடுவது உங்களுடையதாகத்தான் இருக்கும்.

டிஸ்சார்ஜ் ஆனவர் மாலையில் வீட்டுக்கு வரச் சொல்கிறார். நல்ல பணம் தருவதாகச் சொல்கிறார். போகலாமா?

குளிப்பாட்டவும், பிடித்துக்கொண்டு நடக்கவும் துணையாளாகப் போகலாம். உங்கள் மருத்துவமனை அதை அனுமதிக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். சிகிச்சை தருகிறவராகப் போகக் கூடாது. அங்கே உங்கள் எல்லையைச் சொல்ல யாரும் இருக்க மாட்டார்கள். ஒரே வாரத்தில் “இடுப்பு வலிக்கும் ஏதாவது செய்யேன்” என்று பக்கத்து வீட்டுக்காரரும் வந்துவிடுவார்.

பணமில்லாத குடும்பமாக இருந்தால் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தைச் சொல்லுங்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்த அரசுத் திட்டத்தில், வீட்டுக்கு வந்து தரும் பிசியோதெரபியும் அடக்கம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரிக்கலாம். பலர் அதை மாத்திரை கொண்டுவந்து தரும் திட்டம் என்று மட்டுமே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு நாற்பது வயது. என் முதுகு தாங்குமா?

முறையாகச் செய்தால் தாங்கும். வீரம் காட்டினால் இருபத்தைந்து வயதிலேயே தாங்காது. முழங்காலை மடக்குங்கள், ஆளை உங்கள் உடம்போடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள், தூக்கிக்கொண்டே இடுப்பைத் திருப்பாதீர்கள். பாதத்தை நகர்த்தித் திரும்புங்கள். கனமானவருக்கு இரண்டாவது ஆளைக் கூப்பிடுங்கள். எங்களிடம் நாற்பதைத் தாண்டியவர்கள்தான் நன்றாக நிலைக்கிறார்கள். வீட்டில் மாமியாரையோ அப்பாவையோ படுக்கையில் பார்த்திருப்பார்கள்; அருவருப்பு அவர்களிடம் இருக்காது.

நோயாளிகள் என்னை “டாக்டர்” என்று கூப்பிடுகிறார்கள். திருத்த வேண்டுமா?

திருத்துங்கள், அன்றைக்கே. பிசியோதெரபிஸ்ட் அந்த அடைமொழியைப் போடலாமா என்பதே இன்னும் வழக்கும் வாதமுமாக இருக்கிறது. அண்ணா, அக்கா, தம்பி எதுவும் சரி.

பக்கவாதம் வந்தவர் முதல் முறை நடந்ததை வீடியோ எடுத்து ஸ்டேட்டஸில் வைக்கலாமா?

கூடாது. வீட்டார் தங்கள் போனில் எடுத்தால் அது அவர்கள் விருப்பம். அப்போதும் உங்கள் கண் அவருடைய கால்களில் இருக்கட்டும், கேமராவைப் பார்க்க வேண்டாம்.